இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை



"இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல" என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. போர்த்துக்கேயரை விரட்டுவதற்காகக் கண்டி மன்னன் ஒல்லாந்தரைக் கூட்டி வந்த கதைக்கு அதைச் சொல்வார்கள். வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்ததும்தான்.

ஆனால் அந்தப் பழமொழியில் இருக்கும் இரண்டுமே குசினிச் சாமான்கள். அது தற்செயல் இல்லை. இந்த நாட்டின் 500 வருட வரலாறு குசினிச் சாமானைச் சுற்றித்தான் நடந்தது. 'குசினி' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப் போனது. காலையில் சாப்பிடும் பாண், தேநீர் ஊற்றும் கோப்பை, அதை அடுக்கி வைக்கும் அலுமாரி எல்லாம் அவர்களுடைய சொற்களே. பீங்கான் மட்டும் பாரசீகத்தில் இருந்து வந்தது.

போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், வெள்ளைக்காரர் இவ்வளவு தூரம் கப்பலில் வந்தது கறுவாவுக்கா? கறுவா என்ன அவ்வளவு பெரிய சாமானா?" நல்ல கேள்வி. வகுப்பில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வரலாற்றோடு, அந்தச் சாமானைச் சமையலில் எப்படிப் பாவிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால்தான் மனதில் நிற்கும்.

முதலில் கறுவா.

இப்னு பதூதா 1344 இல் மாலைதீவில் இருந்து புறப்பட்டு நமது நாட்டுக்கு வந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் ஊர் இன்றைய புத்தளம் என்று கொள்ளப்படுகிறது. அங்கே கடற்கரையில் கறுவா மரங்கள் மலை போலக் குவிந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். ஆற்று வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு வந்து கரையில் போடுமாம். மஃபர் (சோழமண்டலக் கரை), மலபார் வணிகர்கள் விலை கொடுக்காமலேயே அவற்றை ஏற்றிப் போவார்கள். பதிலுக்கு மன்னனுக்குத் துணிமணி அன்பளிப்பாகக் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் நமது கறுவாவின் விலை அவ்வளவுதான்.

அதே கறுவா ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும்போது விலை எங்கோ ஏறிவிடும். அது எங்கே விளைகிறது என்பதுகூட அங்கே பலருக்கு நெடுங்காலம் தெரியாது. பெரிய பறவைகள் கறுவாக் குச்சியால் கூடு கட்டும், அதைத் தந்திரமாக விழுத்தித்தான் எடுப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். இந்து சமுத்திர வியாபாரத்தில் அரபிகளும் தென்னிந்திய முஸ்லிம்களும் இலங்கைச் சோனகரும் முன்னின்ற காலம் அது. அவர்களிடம் பீரங்கிக் கப்பல் இருக்கவில்லை. கடன், நம்பிக்கை, கலியாண உறவு, இவற்றால் ஓடிய வியாபாரம்.

1505 இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். கோட்டை மன்னன் வருடந்தோறும் கறுவா கொடுக்க ஒப்புக்கொண்டான். 1518 இல் கொழும்பில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் போட்டியாக இருந்தவர்கள் யார்? கொழும்புத் துறைமுகத்தில் ஏற்கெனவே வியாபாரம் செய்துகொண்டிருந்த நமது முன்னோர்கள். மதப்பகை இருந்தது உண்மை. அதற்குக் கீழே கறுவாக் கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு 1626 இல் முடிந்தது. தங்கள் ஆட்சிப் பகுதியில் இருந்த முஸ்லிம்களை வெளியேறும்படி போர்த்துக்கேயர் உத்தரவிட்டார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதை நிறைவேற்றினான். ஊரை இழந்து வந்தவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். மட்டக்களப்புப் பகுதியில் மட்டும் சுமார் 4,000 பேர் குடியமர்த்தப்பட்டதாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. கிழக்கில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களோடு இவர்களும் சேர்ந்தார்கள். கடலை நம்பி வாழ்ந்த வியாபாரிகள் பலர் வயலில் இறங்கிய கதை இதுதான். ஒரு பௌத்த மன்னன் அடைக்கலம் கொடுத்த கதையும் இதுதான். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

பிறகு 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையை விட்டுப் போயின. ஆனால் பிடித்த துறைமுகங்களை ஒல்லாந்தர் மன்னனிடம் முழுமையாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது. கறுவாவைக் கம்பனியின் அனுமதி இல்லாமல் உரிப்பதோ விற்பதோ மரண தண்டனைக்குரிய குற்றமாகியது. காட்டில் கறுவா உரிக்கும் கடமை சலாகம மக்கள் மீது சுமத்தப்பட்டது. நமது மக்கள் மீதும் செட்டிகள் மீதும் 'ஊழியம்' என்ற கட்டாய வேலை விழுந்தது.

காட்டுக் கறுவா போதாமல் போனபோது, ஆளுநர் பல்க் காலத்தில், 1769 அளவில் மருதானைப் பக்கம் தோட்டமாகவே நட்டார்கள். கொழும்பு 7 ஐ நாம் இன்றும் கறுவாத்தோட்டம் என்கிறோம். இன்று அங்கே காணிதான் விலை, கறுவா இல்லை.

இனிச் சமையலுக்கு வருவோம். கடையில் 'கறுவா' என்று இரண்டு சாமான் கிடைக்கிறது. நமது கறுவா மெல்லியது. சுருட்டு மாதிரி பல படை உள்ளே இருக்கும். கையால் நொறுக்கலாம். மற்றது கசியா என்ற வேறு இனம். தடித்த ஒற்றைப் பட்டை, மரக்கட்டை மாதிரி, இலேசில் உடையாது. கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நெடுநாள் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் ஈரலுக்கு நல்லதல்ல. நமது கறுவாவில் அது மிகக் குறைவு. 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே பட்டையைப் பார்த்து வாங்குங்கள். நெய்ச்சோற்றுக்கு என்றால் நெய் சூடானதும் முதலில் பட்டையைப் போடுங்கள், வாசனை நெய்யில் இறங்கட்டும். தூளாகப் போடுவதென்றால் இறக்கும் நேரத்தில் போதும்; கூடினால் கைக்கும்.

இரண்டாவது கொச்சிக்காய்.

கொச்சிக்காய் இல்லாத கறியை நமக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் 1500 ஆம் ஆண்டில் இந்த நாட்டில் ஒரு கொச்சிக்காய்ச் செடிகூட இருக்கவில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492 இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் வெளி உலகத்துக்கு வந்தது. போர்த்துக்கேயர் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்து, அங்கிருந்து நமக்கும் வந்தது. கொச்சித் துறைமுகம் அப்போது அவர்கள் கையில் இருந்தது. கிழக்கில் நாம் சொல்லும் 'கொச்சிக்காய்' என்ற பெயரில் அந்தத் துறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மற்றப் பெயர்களும் உண்மையைச் சொல்கின்றன. மிளகு போலக் காரமான காய், அதனால் மிளகாய். சிங்களத்தில் 'மிரிஸ்' என்பது மிளகைக் குறித்த 'மரிச' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. புதிதாக வந்த காய் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'கம்மிரிஸ்' ஆகிவிட்டது. வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான்.

அதற்கு முன் காரத்துக்கு மிளகு, இஞ்சி, திப்பிலிதான். சங்கத் தமிழில் 'கறி' என்றாலே மிளகு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மிளகு மூட்டைகளும் ஈழத்து உணவும் வந்து குவிந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்கும் காய்ச்சல்காரருக்கும் இன்றும் கொச்சிக்காய் போடாமல் மிளகும் சரக்கும் அரைத்துத்தானே பத்தியக் கறி காய்ச்சுகிறோம்? 500 வருடத்துக்கு முந்திய சமையலின் வாசனை அந்தச் சட்டியில்தான் மிஞ்சியிருக்கிறது என்பது என் எண்ணம்.

குறிப்பு: கறியில் காரம் கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. கொச்சிக்காயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். முதற்பால் கொஞ்சம் விடுங்கள். வாய் எரிந்தாலும் தண்ணீரை விடத் தயிரே நல்லது. மிளகை முழுசாக வாங்கி வைத்துத் தேவைக்கு மட்டும் இடியுங்கள். இடித்து வைத்த மிளகில் உறைப்பு இருக்கும், வாசனை போய்விடும்.

மூன்றாவது சாதிக்காய். பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்யும்போது மட்டும் தேடுகிற சாமான்.

வட்டிலப்பம் ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாய்ச் சகோதரர்கள் மூலம் நமக்குக் கிடைத்தது என்பார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் அவர்களுடைய சிரிகாயாவின் உறவு அது. நாம் கித்துள் கருப்பட்டியைப் போட்டு நமது ஆக்கிக்கொண்டோம். அதில் துருவிப் போடும் சாதிக்காய் ஒரு காலத்தில் உலகத்திலேயே ஓரிடத்தில்தான் விளைந்தது: இந்தோனேசியாவின் பந்தா தீவுகள். அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சாதிக்காயைத் தங்களுக்கு மட்டும் விற்க வேண்டும் என்று ஒல்லாந்தக் கம்பனி கட்டளையிட்டது. அவர்கள் மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621 இல் யான் பீட்டர்ஸூன் கூன் படையோடு வந்திறங்கினான். தீவு மக்களில் பெரும் பகுதியினர் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் இறந்தார்கள், அல்லது அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். ஒரு கொட்டைக்காக ஒரு சமூகமே அழிந்தது. ஐந்து வருடம் கழித்து நமது மக்கள் ஊரை இழந்தபோது உயிராவது தப்பியது, போக ஒரு இடமும் கிடைத்தது. பந்தாக்காரருக்கு அந்தக் கண்டி இருக்கவில்லை.

வட்டிலப்பத்துக்கு ஒரு சிட்டிகை துருவினால் தாராளம். சாதிக்காய் அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதி. தூள் பக்கெட் வேண்டாம், முழுக்காயை அப்போதைக்கப்போது துருவுங்கள்.

கடைசியாக மாசி. இப்னு பதூதா மாலைதீவில் இதையும் பார்த்திருக்கிறார். மீனை அவித்துப் புகையில் உலர்த்தி இந்தியா, சீனா, யெமன் வரை அனுப்பினார்கள் என்கிறார். மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். சம்பலுக்கு மாசி இடித்துப் போட்டால், ருசி பார்த்துவிட்டே உப்புப் போடுங்கள். அதில் ஏற்கெனவே உப்பு உண்டு.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்வியை நமது பிள்ளைகள் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் நம்மிடம் அதைக் கேட்கிறார்கள். நம்மில் சிலரோ "இது எங்கட சாப்பாடு, அது அவங்கட சாப்பாடு" என்று கோடு போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் குசினியில் பதில் இருக்கிறது. இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி 150 வருடத்துக்குப் பிறகும் இந்த நாட்டில் கொச்சிக்காய் இல்லை. இன்று அது இல்லாமல் சிங்களக் குசினியும் இல்லை, தமிழ்க் குசினியும் இல்லை, நமது குசினியும் இல்லை. அதனிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. எவ்வளவு காலம் இருந்தது என்பதோடு, இருந்த இடத்தில் என்ன ருசியைச் சேர்த்தது என்பதையும் பார்க்க வேண்டும். நமது மக்களுக்கு இரண்டுமே உண்டு.

ஒரு வேண்டுகோள். பக்கெட் தூள் வந்த பிறகு பல சாமான்களின் பெயரே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கராம்பைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறார்கள். வீட்டில் உம்மம்மா, மூத்தம்மா இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, சரக்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றின் பெயரையும் பாவனையையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் பெயர்கள் இருந்தால் கீழே பதியுங்கள். தொகுத்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.