பின்னால் நின்றவர்கள்



ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படைக்குத் தலைவர் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள். இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர்கள் உதவி கோரியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 200 பேரை அனுப்பினார்கள். அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரும் அதில் இருந்தனர். அழைத்து வந்தவர் மூத்த ஸஹாபியான அபூஉபைதா (ரலி) அவர்கள்.

தொழுகை நேரம் வந்தது. துணைக்கு வந்தவர் இமாமாக நிற்பதை அம்ர் ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு கொள்ளாதீர்கள் என்று நபியவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அபூஉபைதா விட்டுக்கொடுத்துப் பின்னால் நின்று தொழுதார்கள். நாமோ, பள்ளிவாசல் திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் முதலில் என்பதற்கே ஜமாஅத்தை இரண்டாக்குகிறோம்!

நம் தஞ்சைத் தரணியிலும் பின்னால் நின்ற ஒருவர் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து உப்பு யாத்திரை புறப்பட்டவர் ராஜாஜி. தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் சிறை செல்வர் எனத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஆயினும் வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. வேதாரண்யத்தில் அவர்களை வரவேற்று, முகாமுக்கு வேண்டியதைச் செய்தவர் அவ்வூர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்துக் கைதானவர் ராஜாஜி. வரலாறு அவர் பெயரையே முதலில் சொல்கிறது. வேதரத்தினமும் சிறை சென்றார். சத்தியாக்கிரகமோ சந்தானம் தலைமையில் தொடர்ந்தது.