ஒரு மேட்ச்கூட ஆடாமல்...

கோலியனூர் கூட்ரோட்டில் பாண்டிச்சேரிக்கு ஒரு சாலையும் பண்ருட்டிக்கு ஒரு சாலையும் பிரியும். அங்கே பஸ்ஸுக்கு நின்றபடி டீ குடித்திருந்தால் உங்களுக்கே தெரியும், அந்த இடத்தில் அலசப்படாத விஷயம் உலகத்தில் கிடையாது.

2022 டிசம்பர். கத்தாரில் அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கிய மறுநாள். டீக்கடை முழுக்க மெஸ்ஸி புராணம். நடுவில் ஒரு காலேஜ் பையன் கேட்டான்: "நாம எப்பதான் உலகக் கோப்பையில ஆடறது?"

பெஞ்சில் இருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"போயிருக்க வேண்டியதுதான் தம்பி. அம்பதாம் வருஷம். வெறுங்கால்லதான் ஆடுவோம்னு நம்மாளுங்க சொன்னாங்க. பூட்ஸ் போட்டாத்தான் சேப்பேன்னுட்டான் வெள்ளைக்காரன். போய்யான்னு வந்துட்டோம்."

நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் சொல்லி, சின்ன வயதிலிருந்தே மனசில் உட்கார்ந்துவிட்ட கதை அது. கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஏழை நாடு, வெறுங்கால், வெள்ளைக்காரத் திமிர், ரோஷம். ஒரு சினிமாவுக்குத் தேவையான எல்லாமே உண்டு.

உண்மை மட்டும்தான் இல்லை.

பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. காலைப் பற்றிய கதை இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா எப்படித் தகுதி பெற்றது? யாரை ஜெயித்து?

யாரையும் ஜெயிக்கவில்லை. ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

இப்போதெல்லாம் தகுதிச் சுற்று என்பது மாமாங்கம் மாதிரி நீளும். 2026 உலகக் கோப்பைக்கு ஆசியாவில் 2023 அக்டோபரில் ஆரம்பித்த ஆட்டங்கள் 2025 நவம்பர் வரை நடந்தன. உள்ளூரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று நாடு நாடாகப் பறக்கவேண்டும். 1950-ல் கதையே வேறு. உலகப்போரால் 1942, 1946 இரண்டு போட்டிகளும் நடக்கவில்லை. பன்னிரண்டு வருஷ இடைவெளி. பாதி உலகம் இடிபாடுகளில் கிடந்தது. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அனுமதி இல்லை. மொத்தம் 16 இடம். நடத்துகிற பிரேசிலுக்கு ஒன்று, போன தடவை ஜெயித்த இத்தாலிக்கு ஒன்று. மிச்சம் 14 இடத்தை நிரப்புவதற்குள் ஃபிஃபாவுக்கு மூச்சு வாங்கியது. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாலும் வராத சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொரு நாடாக நழுவிக்கொண்டே இருந்தது.

ஆசியப் பிரிவில் நாலு பேர். இந்தியா, பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டே வருஷம். இந்தோனேசியாவுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. 1949 டிசம்பரில்தான் டச்சுக்காரர்கள் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மூன்று நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. வரிசையில் மிச்சம் நின்றது நாம்தான். சீட்டு கிடைத்துவிட்டது!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தென் அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அர்ஜென்டினா விலகியதால் பொலிவியாவும் சிலியும் ஆடாமலே உள்ளே வந்தன. ஈக்வடாரும் பெருவும் விலகியதால் உருகுவேயும் பராகுவேயும் அதே வழியில் வந்தன. துருக்கி, சிரியாவை ஏழு கோல் அடித்து நொறுக்கித் தகுதி பெற்றது. அப்புறம் "நாங்க வரலை" என்றது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேல். பிரிட்டன் நாடுகளுக்குள் நடக்கும் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். 'முதல் இடம் பிடித்தால்தான் வருவோம்' என்று முன்கூட்டியே அறிவித்தது ஸ்காட்லாந்து. பிடித்தது இரண்டாம் இடம். சொன்ன சொல் தவறாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்!

1950 மே மாதம் ரியோவில் குலுக்கல். இந்தியா மூன்றாவது பிரிவு. கூட இருப்பது இத்தாலி, ஸ்வீடன், பராகுவே. ஜூன் 24-ம் தேதி போட்டி ஆரம்பம்.

நாம் போகவில்லை.

ஏன்? அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அப்போது சொன்ன காரணம் இரண்டு. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு. பயிற்சிக்குப் போதிய நேரம் இல்லை. பூட்ஸைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

பி.காம். படித்த புத்தி, எனக்கு உடனே செலவுக் கணக்குதான் கண்ணில் பட்டது. புதுசாகச் சுதந்திரம் அடைந்த நாடு, உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகவேண்டும், பணத்துக்கு எங்கே போவார்கள்? ஆனால் அந்தக் கணக்கும் முழுசாக உதைக்கிறது. பயணச் செலவின் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பதாக பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரமாயிற்றே!

சரி, அந்த வெறுங்கால்?

அதுவும் நிஜம்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல்தான் இறங்கினார்கள். எதிரே பிரான்ஸ். மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டையும் கோட்டைவிட்டோம். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. தோற்றாலும் லண்டன்காரர்கள் கைதட்டினார்கள்.

இப்போது கவனியுங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். 1950-ல் வெறுங்காலுக்குத் தடை இருந்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஒலிம்பிக்ஸ் கால்பந்தும் ஃபிஃபா விதிப்படிதான். அங்கேயும் நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். யாரும் தடுக்கவில்லை. யூகோஸ்லாவியா தடுத்தது, 10-1 என்று. ஊர் திரும்பியதும் பூட்ஸைக் கட்டாயமாக்கியது வெள்ளைக்காரன் அல்ல, நம் சம்மேளனம்தான்.

பிரேசில் போயிருந்தால் தலைமை தாங்கியிருக்கவேண்டியவர் சைலேன் மன்னா. லண்டனில் பெனால்டியைத் தவறவிட்டவர்களில் ஒருவர். வயதான காலத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் மனம் திறந்தார். உலகக் கோப்பை என்றால் என்னவென்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது, எங்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் எல்லாமே, விவரம் தெரிந்திருந்தால் நாங்களே முயற்சி எடுத்திருப்போம் என்கிற அர்த்தத்தில் சொன்னார். ஆக, ஆட்டக்காரர்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. சம்மேளன மேஜையில் முடிந்துபோன விஷயத்துக்கு இத்தனை வருஷமாக ஆட்டக்காரனின் காலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஆறாதது இதுதான்.

போயிருந்தால் ஜெயித்திருப்போமா? மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதிரே நின்ற இத்தாலியின் நிலைமையையும் பாருங்கள். 1949 மே மாதம் டூரின் நகருக்கு அருகே விமானம் மலைமேல் மோதி, டொரினோ அணி மொத்தமும் பலி. இத்தாலிய அணியின் முதுகெலும்பே அந்த ஆட்டக்காரர்கள்தான். அந்தத் துக்கத்தோடு, விமானம் ஏற மனசில்லாமல், கப்பலில் பிரேசில் வந்து சேர்ந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனிடம் தோற்றார்கள். நாம் இல்லாததால் அந்தப் பிரிவில் மூன்றே அணிகள். அதில் முதலாவதாக வந்த ஸ்வீடன் கடைசியில் உலகத்தில் மூன்றாம் இடம் பிடித்தது.

நம்மைப் போலவே ஒரு மேட்ச்கூட ஆடாமல் சீட்டு வாங்கிய உருகுவே? அவர்கள் பிரிவில் கடைசியாக மிஞ்சியது இரண்டே அணி. பொலிவியாவை எட்டு கோல் அடித்தார்கள். அப்படியே மேலே போய், ஜூலை 16-ம் தேதி மரக்கானா மைதானத்தில் பிரேசிலை அதன் சொந்த ஜனங்கள் முன்னிலையில் 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

1951 ஆசிய விளையாட்டில் நாம் தங்கம் வென்றோம். 1956 ஒலிம்பிக்ஸில் நாலாம் இடம். 1962 ஆசிய விளையாட்டில் மறுபடி தங்கம். ஆசியாவில் நம்மை அசைக்க ஆள் குறைவாக இருந்த காலம். அந்த வருஷங்களில் உலகக் கோப்பைப் பக்கம்? 1954-க்கு விண்ணப்பித்தோம், தாமதம் என்று தள்ளிவிட்டார்கள். அதன்பிறகு பல வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்திய அணி முதன்முதலாக உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இறங்கியது 1985-ல். அதற்குள் தென் கொரியாவும் ஈரானும் குவைத்தும் எங்கேயோ போயிருந்தன. 2026-க்குத் தகுதி பெற்ற நாடுகளில் குராசோவும் ஒன்று. மொத்த ஜனத்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம்தான்.

நமக்கு அந்தத் தகுதிச் சுற்று 2024 ஜூன் 11-ம் தேதி தோஹாவில் முடிந்தது. கத்தாரை ஜெயித்தால் அடுத்த சுற்று. 73-வது நிமிஷம் வரை 1-0 என்று முன்னால் இருந்தோம். அப்போது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார்க்காரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுத்தார், இன்னொருவர் கோல் போஸ்ட்டுக்குள் தள்ளினார். ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்துத் தீர்ப்பை மாற்ற வீடியோ வசதி அந்தச் சுற்றில் கிடையாது. 2-1 என்று தோற்றோம். அதே நாளில் ஆஃப்கானிஸ்தானை ஜெயித்த குவைத் அடுத்த சுற்றுக்குப் போனது.

இந்த முறை நம்மவர்கள் எல்லோருமே பூட்ஸ் போட்டிருந்தார்கள்.