இலெமூரியாவும் கண்டத்தட்டு நகர்வும்

மடகாஸ்கர், இந்தியா ஆகிய நிலப்பகுதிகளின் பாலூட்டிகளிடையே காணப்படும் உறவை விளக்க, ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் 1864இல் மூழ்கிய கண்டம் ஒன்றைக் கருதி, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். பின்னர்த் தமிழறிஞர் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர்.

எடை குறைந்த பாறையாலான கண்டங்கள் அடர்ந்த கடற்றளத்துள் மூழ்க இயலாது. அவை நகர்கின்றன என்பது 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் முன்வைத்த கருத்து. அதற்கு வலுவூட்டிய சான்று இந்தியப் பெருங்கடலிலிருந்தே கிடைத்தது. கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின் காந்த அளவீடுகளைக் கொண்டு, கடற்றளம் விரிவடைவதை வைன், மேத்யூஸ் ஆகியோர் 1963இல் விளக்கினர். இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பிரிந்தன. ஆகவே, மாந்தர் வாழ்ந்து மூழ்கிய பெருங்கண்டத்திற்கு அங்கு இடமில்லை.

எனினும், சிலப்பதிகாரம் சுட்டும் கடல்கோள் மரபு இதனால் பொருளற்றதாகிவிடாது. இறுதிப் பனியுகத்தின் உச்சநிலைக்குப் பின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. உலகெங்கும் கரையோர நிலங்கள் நீருள் மறைந்தன. கடல்கோள் பற்றிய ஆய்வு இலெமூரியாவை விடுத்து, இக்கரையோர நிலவியலைச் சார்ந்து அமைதலே தகும்.