நடமாடும் வளித்தர உணரி வலையமைப்பு

நடமாடும் வளித்தர உணரி வலையமைப்பு என்பது, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு உணரிகள் பலவற்றைக் கொண்டு ஒரு நகரின் காற்று மாசை ஒரே நேரத்தில் பல இடங்களில் அளக்கும் ஏற்பாடு ஆகும். இம்முறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நடைபெற்றது.

தேவை

நகரங்களின் வளித்தரம் வழமையாக நிலையான கண்காணிப்பு நிலையங்களில் அளக்கப்படுகிறது. அவற்றின் அளவீடு துல்லியமானது. ஆனால் கருவிகள் விலை மிகுந்தவை என்பதால் ஒரு நகரில் சில நிலையங்களே அமைக்கப்படுகின்றன. வாகனப் புகையின் செறிவோ சில பத்து மீட்டர் தொலைவுக்குள்ளேயே பெரிதும் மாறக்கூடியது. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள தெருவில் புகை தேங்கி நிற்கும். அருகிலுள்ள பூங்காவில் குறைந்திருக்கும். ஆகவே, அத்தெரு வழியே நாள்தோறும் நடந்து செல்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பதைத் தொலைவிலுள்ள நிலையத்தின் அளவீடு காட்டுவதில்லை.

கேம்பிரிட்ஜ் முயற்சி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதியியல் துறையைச் சேர்ந்த ராட் ஜோன்ஸ் குழுவினர் கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரசன் டைஆக்சைடு ஆகியவற்றை அளக்கும் சிறு கருவிகளை உருவாக்கினர். நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் இவற்றைச் சுமந்து சென்றனர். இடத்தை ஜிபிஎஸ் பதிவு செய்தது. தரவுகள் செல்பேசி வலையமைப்பு வழியாக வழங்கியை அடைந்தன. 2010 ஆம் ஆண்டில் நகரிலும் சுற்றுப்புறத்திலும் 46 கருவிகள் நிலையாகவும் பொருத்தப்பட்டன. இதன் முடிவுகள் 2013 இல் வெளியாயின. பின்னர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலும் இத்தகைய வலையமைப்பு நிறுவப்பட்டது. நிலையத்திலிருந்து எழும் மாசையும், காற்றோடு வெளியிலிருந்து வந்து சேரும் மாசையும் பிரித்தறிய அது உதவியது.

செயல்படும் முறை

இக்கருவிகளில் உள்ளவை மின்வேதி உணரிகள். வளிம மூலக்கூறுகள் மின்வாயில் வேதிவினை புரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. மின்னோட்டத்தின் அளவு வளிமத்தின் செறிவுக்கு நேர் விகிதத்தில் அமையும். தொழிற்சாலைகளில் நச்சு வளிமக் கசிவை அறியப் பயன்பட்டு வந்த இவ்வுணரிகள், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அளப்பவை. தெருக்காற்றுக்கோ நூறு கோடியில் சில பங்குகள் வரை அளந்தாக வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2021 இல் பரிந்துரைத்த நைட்ரசன் டைஆக்சைடின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். இது நூறு கோடியில் ஏறத்தாழ 5 பங்கு மட்டுமே. எனவே மின்சுற்றின் இரைச்சலைக் குறைப்பதே வடிவமைப்பின் பெரும் பகுதியாக அமைந்தது.

குறைபாடுகள்

நைட்ரசன் டைஆக்சைடு உணரி ஓசோனுக்கும் வினை காட்டும். வெப்பநிலை மாறினால் உணரியின் அடிக்கோடு நகரும். நைட்ரிக் ஆக்சைடு உணரியில் இது மிகுதி. காலப்போக்கில் உணர்திறனும் குறையும். திருத்தம் செய்யாத எண்களை வண்ண வரைபடமாக வெளியிட்டால் அது நம்பகமானது போலத் தோற்றமளிக்கும். உண்மையில் வெயிலின் ஏற்றத்தையே மாசாகக் காட்டியிருக்கக்கூடும். இதனைத் தவிர்க்க, கருவிகளை முதலில் நிலையான கண்காணிப்பு நிலையத்தின் அருகில் சில நாட்கள் வைத்து, இரண்டின் அளவீடுகளையும் ஒப்பிட்டுத் திருத்தக் கெழுக்களைக் கணிப்பர். பயன்பாட்டுக் காலம் முடிந்த பின் மீண்டும் அவ்வாறே ஒப்பிடுவர்.