ஐந்தடியில் ஏறாத சக்கரம்

ஐந்தடி என்றால் மலேசியத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. கடைவீட்டின் மாடி முன்னே நீண்டு நிற்க, அதற்குக் கீழே தெருவையொட்டி ஓடும் நடைபாதை அது. பூ விற்பதும் தேநீர் குடிப்பதும் மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான். செமினி ஊரின் பழைய கடைவரிசையிலும் நடக்க இருக்கும் வழி அதுவே. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர் அதில் அடுத்தடுத்து நாலு கடைக்குப் போவதே பெரும்பாடு.

இது தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததல்ல. 1822இல் சிங்கப்பூரைத் திட்டமிட்ட ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ், ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் தாழ்வாரம் விடவேண்டும், தெருவின் இரு பக்கமும் அது அறுபடாமல், எந்நேரமும் திறந்த வழியாக இருக்கவேண்டும் என்று விதித்தார். கோலாலம்பூர் 1881இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டான பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். அதற்கான செங்கல் சூளைகள் எரிந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். புதிய கடைவீடுகளோடு ஐந்தடியும் ஊர் ஊராகப் பரவியது.

விதி போட்டது எளிது, காப்பாற்றுவது கடினம். ஐந்தடி பொதுவழி என்றாலும், கடைக்காரர்கள் அதைத் தங்கள் கடையின் நீட்சியாகவே பார்த்தார்கள். 1888இல் சிங்கப்பூர் நகராட்சி ஐந்தடிகளைக் காலிசெய்ய முனைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே மூண்டது. பின்னர் வெள்ளம் ஏறாமலிருக்க ஒருவர் தளத்தை உயர்த்தினார், பக்கத்தவர் பழைய தளத்தின்மேல் புதிய ஓடு பதித்தார். கடைக்குக் கடை ஒரு படி முளைத்தது. படி இல்லாத இடத்தில் எரிவாயு உருளை, நாற்காலி மேசை, மோட்டார் சைக்கிள்.

தெருவிலிருந்து ஐந்தடிக்கு ஏறும் படியையும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். உயரம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும், அதாவது 180 சென்டிமீட்டர் நீளம். ஐந்தடியின் அகலமே ஏறத்தாழ 150 சென்டிமீட்டர்தான். அதனால் தெருவிலிருந்து ஏறுவதற்காகக் கடைக்காரர் நல்ல மனதோடு சிமெண்ட் பூசித் தரும் குட்டைச் சரிவு உதவாது. ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும், இறங்கும்போது ஆளையே முன்னால் தள்ளிவிடும். ஒரு கடை மட்டும் திருந்திப் பயனில்லை, வரிசை முழுவதும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும்.

கேட்காமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கு ரயிலே சாட்சி. 1996இல் ஸ்டார் எல்.ஆர்.டி. ஓடத் தொடங்கியபோது பல நிலையங்களில் மின்தூக்கி இல்லை. மாற்றுத்திறனாளிகள் அதற்கு முன்பிருந்தே எதிர்ப்புக் குரல் எழுப்பி வந்தார்கள். 1998இல் வந்த புத்ரா எல்.ஆர்.டி. மின்தூக்கிகளோடு வந்தது. பாடம் படித்தாயிற்று என்று நினைத்தால், 2003இல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்பட்ட மோனோ ரயிலின் பல நிலையங்களில் மறுபடியும் படிக்கட்டுகளே. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கிவரும் நாட்டில், அதுவும் அதன் தலைமையகம் இருக்கும் வட்டாரத்திலேயே இப்படி நடந்தது வருத்தத்துக்குரியது.

இந்தப் போராட்டத்தில் தமிழர் பங்கு சிறிதல்ல. சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடியே அந்தோணி தனசாயன் 'தி ஸ்டார்' நாளிதழில் ஆண்டுக்கணக்கில் இதைப்பற்றி எழுதினார், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராகவும் இருந்தார். முதுகுத்தண்டு பாதிப்படைந்தோர் சங்கத்துக்குத் தலைமை வகித்த பத்மாவதி கிருஷ்ணன், நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக அமர்ந்தார்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 ஜூலையில் நடப்புக்கு வந்தது. பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையை அதன் 26, 27ஆவது பிரிவுகள் தருகின்றன. மீறுபவருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் வைக்கவில்லை, அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கவும் 41ஆவது பிரிவு இடம் தரவில்லை. பல்லில்லாத சட்டம் என்று மாற்றுத்திறனாளிகள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

செமினிக்கு ரயில் கிடையாது. பக்கத்து ஊரான காஜாங்கில் 2017 ஜூலை முதல் எம்.ஆர்.டி. நிற்கிறது, மின்தூக்கி இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து அதுவரை யார் துணையுமின்றி வந்துசேரலாம். அங்கிருந்து சாலை வழியே வந்து செமினியில் இறங்கிய பிறகு கடைவாசலில்தான் பயணம் முடங்குகிறது.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தடியை மறிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி இன்றும் குற்றம். காஜாங் நகராண்மைக் கழகம் அதைச் செமினிக் கடைத்தெருவில் கறாராக நடைமுறைப்படுத்தட்டும், ஒரே ஒரு கடைவரிசையையாவது கடைக்காரர்களோடு பேசி ஒரே மட்டமாக்கிக் காட்டட்டும். வாசகர்களே, நீங்கள் செல்லும் கடைகளின் ஐந்தடி மறிக்கப்பட்டிருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, கழகத்துக்குப் புகார் அனுப்புங்கள்.