லீவு கொடுத்தால்தானே டூர்!

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தமிழ் ஐயா தவறாமல் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். தலைப்பு: 'நான் சென்று வந்த சுற்றுலா'. பக்கத்து பெஞ்ச் பையன் ஊட்டியை எழுதுவான். முன் பெஞ்ச் பையன் கன்னியாகுமரியை எழுதுவான். நான் எல்லா வருஷமும் மேட்டூர் அணையைத்தான் எழுதினேன். போனது ஒரு தடவை. எழுதினது நாலு தடவை :-)

அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஆடிப் பதினெட்டுக்கு சேலமே கிளம்பி மேட்டூருக்குப் போகும்போது, அவர் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் வீட்டில் டூர் என்று பேச்சை எடுத்தால் அம்மா முதலில் கேட்பது 'எவ்வளவு செலவாகும்?' என்றல்ல. 'லீவு கொடுப்பாங்களா?' என்றுதான்.

தொழிற்சட்டப் பாடத்தில் 'சம்பளத்துடன் கூடிய வருட விடுப்பு' என்ற பகுதியைப் படித்தபோது அம்மாவின் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் 'ரயில் வந்தது, சுற்றுலா வந்தது' என்றுதான் இருக்கிறது. அது பாதிக் கதைதான் என்று எனக்குப் படுகிறது. மீதிக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பயணம் ஒன்றும் புதிதில்லை. திருவிழாவுக்கும் தீர்த்த யாத்திரைக்கும் மக்கள் எப்போதும் நடந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றியிருக்கிறார்கள். ஆனால் கூலி வேலை செய்யும் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு, வேண்டுதல் எதுவும் இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வர ஓர் ஊருக்குப் போவது என்பது வேறு விஷயம். அது இங்கிலாந்தில் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

தாமஸ் குக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1808ல் பிறந்தவர். மர வேலை தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபைக்காரர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு தனி ரயில் ஏற்பாடு செய்தார். தூரம் சுமார் 18 கிலோமீட்டர்தான். போய்வர கட்டணம் ஒரு ஷில்லிங். ஏறக்குறைய 500 பேர் போனார்கள். அங்கே பேண்டு வாத்தியம், விளையாட்டு, டீ, நடுநடுவே 'குடிக்காதீர்கள்' என்று பிரசங்கம். சலுகைக் கட்டண ரயில்கள் அதற்கு முன்பும் ஓடியிருக்கின்றன. ஆனால் இதையே தொழிலாகச் செய்யலாம் என்று பிடித்துக்கொண்டவர் குக். 1845ல் லாபத்துக்காக லிவர்பூல் டூர் நடத்தினார்.

அடுத்த பெரிய திருப்பம் 1851. லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி, மே 1 முதல் அக்டோபர் 15 வரை உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். ஆரம்ப நாட்களில் நுழைவுக் கட்டணம் அதிகம். மே 26 முதல் திங்கள் தொடங்கி வியாழன் வரை ஒரு ஷில்லிங் ஆக்கினார்கள். ஏழை ஜனங்கள் மொத்தமாக வந்தால் கலவரம் ஆகிவிடும் என்று பெரிய மனிதர்களுக்குப் பயம். ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்கள் யந்திரங்களைப் பார்த்தார்கள், கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். மொத்தம் சுமார் 60 லட்சம் வருகைகள். குக் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அழைத்து வந்தார். ரயில் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டதில் லீட்ஸிலிருந்து லண்டன் போய்வர 5 ஷில்லிங் வரை கட்டணம் இறங்கியது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிப்பறை அமைத்தார். தலைக்கு ஒரு பென்னி. பயன்படுத்தியவர்கள் 8,27,280 பேர் என்று கணக்கு இருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டுமானால் முதலில் என்ன வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மூர் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் இன்னும் தெரியவில்லை.

ஆக, 1851க்குள் மலிவான டிக்கெட் வந்துவிட்டது. பார்க்க இடமும் இருக்கிறது. அப்புறம் என்ன, எல்லாரும் போக வேண்டியதுதானே? இங்கேதான் நான் சொன்ன மீதிக் கதை வருகிறது. போவதற்கு நாள் வேண்டாமா?

நாளைக் கொடுக்க சட்டம் வர வேண்டியிருந்தது. 1850ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி மில்களில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. 1871ல் சர் ஜான் லபக் கொண்டுவந்த சட்டத்தால் வங்கி விடுமுறை நாட்கள் வந்தன. பேங்குக்குத்தான் லீவு என்று பெயர், ஆனால் கடைகளும் ஆலைகளும் கூடவே மூட ஆரம்பித்தன. அந்த வருஷம் ஆகஸ்ட் 7, முதல் ஆகஸ்ட் விடுமுறை. ஜனங்கள் சந்தோஷத்தில் அவரைப் புனிதராக்கி 'செயின்ட் லபக் தினம்' என்றே கூப்பிட்டார்களாம்.

ஒரு நாள் லீவு சரி. ஒரு வாரம் போய்த் தங்கிவிட்டு வருவது? அதைச் செய்துகாட்டியவர்கள் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். அவர்கள் ஊர்களில் 'வேக்ஸ்' என்று ஒரு பழைய மாதா கோயில் திருவிழா உண்டு. திருவிழாவுக்கு யாரும் வேலைக்கு வருவதில்லை. முதலாளிகள் தடுத்துப் பார்த்து முடியாமல், அந்த வாரத்தில் மில்லையே மூடி, யந்திரங்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். பர்ன்லிக்கு ஜூலை, ஓல்டாமுக்கு ஆகஸ்ட் கடைசி. அந்த வாரம் புகைபோக்கிகளில் புகை வராது. தெருவே காலியாகி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். ஊர் மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாறமாட்டார்!

பிளாக்பூலுக்கு 1846ல் ரயில் வந்தது. 1863ல் முதல் கடற்பாலம், 1885ல் மின்சார டிராம். 1894ல் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து 158 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரமும் கட்டினார்கள். தங்குவதற்கு லாட்ஜ் எல்லாம் இல்லை, வீட்டுக்கார அம்மாக்கள் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். சாப்பாட்டுக்கான சாமான்களை நாமே வாங்கிக் கொடுத்தால் அந்த அம்மா சமைத்துப் போடுவார். நாம் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோமே, அந்த மாதிரிச் சிக்கனம்தான்.

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மில் மூடியிருக்கும் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது.

சும்மா ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு குடும்பத்தின் வாரச் சம்பளம் 30 ஷில்லிங். டூருக்கு ஆகும் செலவு 40 ஷில்லிங். உண்மையில் அந்தக் குடும்பம் இழந்தது 40 அல்ல, 70. 'வாய்ப்புச் செலவு' என்று முதல் வருஷம் படித்தோமே, அதேதான். இதைச் சமாளிக்கத்தான் மில்களிலும் தெருக்களிலும் சேமிப்புச் சங்கங்கள் நடத்தினார்கள். வாராவாரம் சில பென்னி கட்டி, வேக்ஸ் வாரத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். நம்மூர் தீபாவளிச் சீட்டு மாதிரி. ஒரு வார மகிழ்ச்சிக்கு வருஷம் முழுக்க வயிற்றைக் கட்டினார்கள்.

சம்பளத்தோடு லீவு என்பது 1930களில்தான் பெரிய அளவில் வந்தது. பிரான்சில் 1936 மே, ஜூன் மாதங்களில் மிகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. லியோன் ப்ளூம் அரசாங்கம் ஜூன் 20ல் சட்டம் போட்டு எல்லாத் தொழிலாளருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. அமைச்சர் லியோ லக்ராஞ்ச் அதோடு நிற்காமல், விடுமுறைக்குப் போகும் தொழிலாளர் குடும்பங்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடியில் ரயில் டிக்கெட்டும் ஏற்பாடு செய்தார். அந்தக் கோடையிலேயே ஐந்து லட்சம் பேருக்கு மேல் அதில் போனார்கள். முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர்கள் அதில் ஏராளம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே வருஷம், குறைந்தது ஆறு வேலை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்று ஒப்பந்தம் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் 1938ல் சட்டம் வந்தது. அதுவும் முழுசாக இல்லை. குறைந்த சம்பளத் தொழில்களில் சம்பளம் நிர்ணயிக்கும் வாரியங்கள், ஒரு வாரம் வரை சம்பள விடுமுறையும் நிர்ணயிக்கலாம் என்றது. மறு வருஷமே உலகப் போர். நிஜமான பலன் போருக்குப் பிறகுதான் கிடைத்தது. கடற்கரை ஊர்கள் பிதுங்கி வழிந்தன.

இப்போது இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குக்கின் ஒரு ஷில்லிங் ரயில் 1841. சம்பள விடுமுறைச் சட்டம் 1938. நடுவில் 97 வருஷம்! ரயில் விட முதலாளிகளுக்கு லாபம் இருந்தது, சீக்கிரம் விட்டார்கள். லீவுக்குச் சம்பளம் கொடுப்பதில் லாபம் இல்லை, தொழிலாளிகள் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டி வந்தது. (குக் ஆரம்பித்த கம்பெனி 178 வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில் மூழ்கிப்போனது தனிக்கதை.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு நாம் இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு தந்தது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பில் அந்த 240ஐ 180 ஆக்கினார்கள். 1956ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு 'எல்.டி.சி.' வந்தது. விடுப்பும் உண்டு, குடும்பத்தோடு போய்வரப் பயணச் செலவும் உண்டு. எங்கள் எதிர்வீட்டு போஸ்ட் ஆபீஸ் மாமா குடும்பத்தோடு தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த போட்டோவுக்குப் பின்னால் இருந்தது இந்த மூன்று எழுத்துதான் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

ஜவுளிக்கடைக்காரருக்கு? அவருக்கும் சட்டம் இருக்கிறது! 1947ல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு கடையில் தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. தொழிற்சாலைச் சட்டத்துக்கும் ஒரு வருஷம் மூத்தது.

இதைப் படித்த அன்று ராத்திரி அப்பா கடை முடிந்து பத்தரை மணிக்கு வந்தார். சாப்பிடும்போது, "அப்பா, உங்களுக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட லீவு உண்டு, தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் கண்ணு," என்றார். "கேட்டவனைத்தான் அப்புறம் கடையில காணோம்."

எங்கள் ஒரே மேட்டூர் டூர் எப்படி நடந்தது தெரியுமா? கடை முதலாளி வீட்டில் ஒரு துக்கம். இரண்டு நாள் கடை அடைப்பு. முதல் நாள் அப்பா துக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். இரண்டாம் நாள் காலையில் திடீரென்று "கிளம்புங்க" என்றார். அணையைப் பார்த்தோம், பூங்காவில் சறுக்கு விளையாடினோம், வாழை இலையில் மீன் வறுவல் சாப்பிட்டோம். நாலு வருஷம் கட்டுரை எழுதும் அளவுக்கு அந்த ஒரு நாளில் விஷயம் இருந்தது. மாதக் கடைசியில் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்பதை அம்மா போன வாரம்தான் சொன்னார்.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் ஏதோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவருக்குச் சம்பளப் பட்டியல் போடப் போகிறோம். அதில் 'விடுப்பு' என்று ஒரு கட்டம் வரும். முதலாளி பூஜ்யம் போடச் சொல்வார். போடுவதற்கு முன்னால் அந்த 12ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் ஒரே அணையைப் பற்றி நாலாவது தடவையாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பான்.