வழி தெரியாத விருந்தாளிகள்

1999-ல் கிறிஸ் சாயர் உருவாக்கிய 'ரோலர்கோஸ்டர் டைகூன்' என்ற கணினி விளையாட்டைப் பேரன் காட்டினான். பொழுதுபோக்குப் பூங்கா கட்டி நடைபாதை போட வேண்டும். தாராளமாக இருக்கட்டுமே என்று மைதானம் மாதிரி அகலமாகப் போட்டேன். ஒவ்வொரு கட்டமும் முச்சந்தி, நாற்சந்தியாகிவிட, விருந்தாளிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாசல் எங்கே என்று புலம்பல் வேறு. "ஒத்தைப் பாதையா போடுங்க தாத்தா" என்றான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்குப் பதினான்காம் லூயி நினைவுக்கு வராமல் இருப்பாரா? வெர்சாய் தோட்டத்தை எப்படிச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று 1689-ல் அவரே எழுதிவைத்தார். படிகளின் உச்சியில் நின்று பார்ப்பது, அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் வரிசையாக. அடுத்தடுத்த ஆண்டுகளில் திருத்தியும் எழுதினார். பார்ப்பவர் காலைக்கூடவா அரசன் ஆள வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு எரிச்சல்.

அன்று மாலை என் அகலப் பாதைகளைப் பெயர்த்தேன். பாதிப் பேர் வாசலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.